சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே

“இந்த மனுஷனோட மூக்கு எங்க ஒடஞ்சதுன்னு கேளு” என்றாள் அம்மா.

மின்னா தயங்கினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் விருந்தாளியின் மூக்கைப் பற்றிக் கேட்பது எந்த மொழியிலும் மரியாதையாக இருக்காது. ஆனால் அம்மாவுக்கு ஜெர்மன் மட்டுமே தெரியும். எதிரில் உட்கார்ந்திருந்த ஆரின் மேப்ரிக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். மாவு மண்டிக்காரனிடமும் டாக்டரிடமும் வரி அலுவலகத்திலும் அம்மாவின் வாயாக இருந்து பழகியவள் மின்னா. சிறு வயதில் தேவாலயத்துப் பள்ளியில் ஜெர்மன், பிறகு ஊர்ப் பள்ளியில் ஆங்கிலம் என்று இரண்டிலும் படித்தவள். ஒருவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் இன்னொருவரிடம் சேர்ப்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

“உங்க மூக்கைப் பத்திக் கேக்கறாங்க” என்றாள்.

“இதையா?” மேப்ரி மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “ஒவ்வொரு காலேஜ்லயும் ஒரு தடவை ஒடஞ்சது. மொத்தம் மூணு.”

மின்னா சொன்னாள். அம்மா புருவத்தை உயர்த்தினாள். “மூணு காலேஜா? அவ்வளவு படிச்சவரா?”

“படிச்சது ஒண்ணுலயும் இல்லைன்னு சொல்லுங்க, மிஸ் மின்னா. பந்து விளையாடக் கூட்டிட்டுப் போனாங்க. விளையாட்டு முடிஞ்சதும் அனுப்பிட்டாங்க.”

அம்மா சிரித்துவிட்டாள். அவர் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கு உருண்டையை வைத்துக் குழம்பை ஊற்றினாள். பிறகு மின்னா பக்கம் திரும்பி, “இவர் பொய் சொல்ற ஆள் இல்ல” என்றாள். “இதை அவர்கிட்ட சொல்லாதே.”

மேப்ரி அன்று வந்த காரியம் வேறு. மின்னாவின் அண்ணன் கோன்ராட் ட்ரேவிக் கல்லூரியில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தான். உடற்பயிற்சிச் சங்கத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு வருடமாகக் கால்பந்து ஆடியிருக்கிறான். கம்பியில் தொங்குவதும் மரக்குதிரை தாண்டுவதும் அம்மாவுக்குத் தெரிந்த, அம்மா மதிக்கிற பழக்கம். அதனால் உடம்பில் தெரிந்த காயங்களையெல்லாம் மரக்குதிரையின் கணக்கில் எழுதிக்கொண்டாள். போன வாரம் அம்மாவின் பேக்கரிக்கு ரொட்டி வாங்க வந்த ஒருத்தி செய்தித்தாளை விரித்துக் காட்டினாள். அதில் கோன்ராடின் படம். அடுத்த பருவத்தின் கேப்டன். அந்த நிமிடமே அம்மா, இனி அந்த மைதானத்தில் அவன் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அணியின் கோச் மேப்ரி அனுமதி கேட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

“என் பிள்ளையைப் பத்திக் கேளு” என்றாள் அம்மா. இப்போது அவள் சிரிக்கவில்லை. “இவன் இவங்க அப்பா மாதிரி. அந்த மனுஷன் காய்ச்சல்ல கிடந்தார். அடுப்பு அணைஞ்சிடும்னு எழுந்து போனார். அடுப்பு அணையல, அவர்தான் அணைஞ்சு போனார். இவனும் விழற வரைக்கும் நிறுத்த மாட்டான். இவனுக்குப் படாத இடத்துல அடிபட்டா, போதும் வாடான்னு சொல்றதுக்கு அங்க யார் இருக்கா?”

மின்னா ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

மேப்ரி கோன்ராடைப் பார்த்தார். கோன்ராட் தட்டைப் பார்த்தான். கூச்சம் என்று அப்போது மின்னா நினைத்தாள்.

“நான் இருக்கேன்” என்றார் மேப்ரி. “அவன் தலை சுத்தி நின்னா போதும், பேர் சொல்லிக் கூப்பிடுவேன். வரலைன்னா உள்ள போய்த் தூக்கிட்டு வருவேன். போதும்னு கூப்பிட ஒரு ஆளே இல்லாம விளையாடினவன்ம்மா நான். என் பசங்களை அப்படி விட மாட்டேன்.”

“சத்தியமா?”

மேப்ரி கையை உயர்த்தினார். இடது கை.

“இடது கையில யாரு சத்தியம் பண்ணுவா?” என்றாள் அம்மா.

“வலது கை தோளுக்கு மேல போகாதும்மா. காறை எலும்பு ஒடஞ்சு கோணலா சேர்ந்திருச்சு.”

அம்மா எழுந்து மேசையைச் சுற்றிவந்து, அவருடைய வலது கையை அது எட்டும் உயரத்திலேயே பிடித்துக் குலுக்கினாள். அதோடு முடிந்தது.

வாசல் கதவு வரை மின்னா உடன் போனாள். தொப்பியைப் போட்டுக்கொண்டே அவர் கேட்டார்: “நான் சொன்னதை எல்லாம் நல்லபடியா சொன்னீங்களா?”

“நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். கூட்டல, குறைக்கல.”

“அதுதான் வேணும்” என்றார் மேப்ரி. ஆனால் அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை.

*

மேப்ரி பென்சில்வேனியாவில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்து ஊரில் பிறந்தவர். அப்பா சுரங்கத்துக்குள் போனவர். பிள்ளை, கரியிலிருந்து கல் பொறுக்கும் கொட்டகையில் வளர்ந்தவர். ஒருநாள் சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கும் மரத்தை இவர் தனியாகத் தோளில் தூக்கிப் போவதை, ரயிலுக்குக் காத்திருந்த ஒரு கல்லூரிக்காரர் பார்த்தார். அடுத்த வாரம் மேப்ரி அந்தக் கல்லூரியின் மாணவர். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். புத்தகம் யாரும் கொடுக்கவில்லை. ஒரு கம்பளிச் சட்டையும், பற்களால் கடித்துப் பிடித்துக்கொள்ளும் ரப்பர் மூக்குக் கவசமும் கொடுத்தார்கள். தலைக்கவசத்துக்குப் பதில் முடியை நீளமாக வளர்க்கச் சொன்னார்கள்.

பெயர்தான் கால்பந்து, காலுக்கு அங்கே அதிக வேலை இல்லை. பந்து முட்டை வடிவம். அதைக் கையில் அணைத்துக்கொண்டு எதிராளிகளின் மேல் போய் விழ வேண்டும். பின்னால் இருப்பவர்கள் தள்ளுவார்கள், முன்னால் இருப்பவர்கள் இழுப்பார்கள். மேப்ரிக்கு அப்படி விழுவதற்கென்றே பிறந்த உடம்பு. அடுத்த பருவம் வேறொரு கல்லூரி, வேறொரு பெயர். அதற்கடுத்தது இன்னொன்று. அந்தக் காலத்தில் இப்படி ஊர் ஊராகப் போய் ஆடியவர்கள் நிறைய. எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள்.

மூன்றாவது கல்லூரியில்தான் காறை எலும்பு உடைந்தது. முதல் பாதியிலேயே. வெளியே போனவன் அன்று திரும்ப உள்ளே வர முடியாது என்பது சட்டம். அதனால் யாரும் போக மாட்டார்கள். மேப்ரி வலது கையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மீதி ஆட்டம் முழுவதும் இடது கையில் பந்தைப் பிடித்து ஓடினார். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனது. அப்படித் தூக்கிப் போனபோது இடித்ததில்தான் எலும்பு கோணியது என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னாராம். இந்தக் கதையை மேப்ரி சொல்லி, ட்ரேவிக்கில் அவருக்கு முடி வெட்டும் நாவிதர் லேஃப் பண்டி ஊருக்கெல்லாம் சொன்னார். “அவரை யாரும் போதும்னு கூப்பிடலை, பாத்துக்கங்க” என்பார் பண்டி, சவரக் கத்தியை ஆட்டிக்கொண்டே. “கூப்பிட்டிருந்தா அவர் போயிருக்கவும் மாட்டார். அதான் ஆம்பளை.”

மேப்ரியின் வாழ்க்கையில் யாரும் அவரைத் தூக்கிச் சுமந்தது அந்த ஒருநாள்தான்.

ஆட முடியாத கையோடு அவர் ஓஹாயோவுக்கு வந்தார். ட்ரேவிக் கல்லூரி செப்டம்பரிலிருந்து நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாள் வரை அவரைக் கோச்சாக வைத்துக்கொண்டது. மீதி மாதங்களில் வண்டியில் நிலக்கரி கொண்டுபோய் வீடு வீடாகக் கொட்டினார். செப்டம்பர் வந்தால் மைதானத்தில் பேராசிரியர்கள் அவருக்கு வணக்கம் சொல்வார்கள். டிசம்பரில் அதே பேராசிரியர்களின் வீட்டுப் பின்வாசலில் கரிக்கூடையோடு நிற்பார். வேலைக்காரி கதவைத் திறந்து, “தரையில சிந்தாம கொட்டுய்யா” என்பாள்.

அந்த வருடம், 1909இல், கல்லூரிக் குழு ஒரு வார்த்தை சொல்லியிருந்தது. வெக்ஸ்லி கல்லூரியை ஜெயித்துக் காட்டினால் மேப்ரி வருடம் முழுவதற்கும் உடற்பயிற்சி இயக்குநர். கதவில் பெயர் எழுதிய அறை. கரி வண்டியை விற்றுவிடலாம். வெக்ஸ்லியோடு ஆட்டம் நன்றித் திருநாளில். ட்ரேவிக் அவர்களை ஜெயித்து மேப்ரியே பார்த்ததில்லை. ஜெயிக்க அவரிடம் இருந்த ஒரே ஆள் கோன்ராட்.

*

நன்றித் திருநாளன்று மண் இறுகிக் கல்லாகிக் கிடந்தது. அம்மா வரவில்லை. அவளுக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. அடுப்பில் வாத்தும் இருந்தது. மின்னா போனாள். மரப் பலகையில் நாவிதர் பண்டி பக்கத்தில் இடம் கிடைத்தது. அவர் நிலக்கடலையைக் கொறித்துக்கொண்டு, கேட்காமலே எல்லாவற்றையும் விளக்கினார்.

“அதோ பாரும்மா, நம்ம மேப்ரி. கம்பளியைப் போத்திக்கிட்டு, கல்யாணத்துக்கு வந்த மாமியார் மாதிரி உக்காந்திருக்கார். பேச முடியாது பாவம்.”

“ஏன் பேச முடியாது?”

“ஆட்டம் ஆரம்பிச்சாச்சுன்னா கோச் வாயைத் திறக்கக் கூடாது. சைகை காட்டக் கூடாது. அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே இருந்து ஒரு சொல் உள்ள போனா, பந்தைத் தூக்கிப் பின்னால வெச்சுடுவான் நடுவர். மேப்ரி தும்மினாக்கூட அந்த ஆள் திரும்பிப் பாப்பான்.”

மின்னாவுக்குக் குளிர் அப்போதுதான் உறைத்தது. “ஒரு பையனுக்கு அடிபட்டா? அவனை வெளியே கூப்பிட வேணாமா?”

“அது கேப்டன் வேலைம்மா. கேப்டன் சொன்னாத்தான் ஆளை மாத்தலாம்.”

“கேப்டனுக்கே அடிபட்டா?”

பண்டி கடலையை நிறுத்திவிட்டு யோசித்தார். பிறகு சிரித்தார். “உங்க அண்ணனுக்கா? ஜெர்மன் மண்டை. ஒண்ணும் ஆகாது.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் கோன்ராட் ஏன் தட்டைப் பார்த்தான் என்று மின்னாவுக்குப் புரிந்தது. அவனுக்குத் தெரியும். மேப்ரிக்கும் தெரியும். தெரிந்துதான் கையை உயர்த்தினார். ஆனாலும் கூப்பிடலாமே, என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். கூப்பிட முடியாது என்று சட்டம் சொல்லவில்லை. கூப்பிட்டால் பந்து பின்னால் போகும் என்றுதான் சொல்கிறது. பந்து போனால் போகட்டும்.

வெக்ஸ்லி ஒரு உதையில் மூன்று புள்ளி எடுத்து முன்னால் இருந்தது. இரண்டாம் பாதியில் அவர்களுடைய பெரிய ஆள் ஒருவன் பந்தோடு ஓடிவந்தபோது கோன்ராட் குறுக்கே பாய்ந்தான். அவன் நெற்றி அந்த ஆளின் முழங்காலில் மோதிய சத்தம் பலகை வரை கேட்டது. ஓடிவந்தவன் பந்தைத் தவறவிட்டான். ட்ரேவிக் பையன் ஒருவன் அதன் மேல் விழுந்தான். கூட்டம் எழுந்து தொப்பிகளை வீசியது.

கோன்ராட் எழுந்தான். நடந்தான். வெக்ஸ்லி வரிசையில் போய் நின்றான்.

“கேப்டன் கட்சி மாறிட்டார்டோய்!” என்று கத்தினார் பண்டி. எல்லோரும் சிரித்தார்கள். அவனுடைய ஆட்கள் தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்து நிறுத்தினார்கள்.

அடுத்து யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை எண்களாகக் கூவி உத்தரவு கொடுப்பது அவன் வேலை. கூவினான். ஜெர்மனில் கூவினான்.

கூட்டம் ஒரு கணம் திகைத்து, பிறகு கைதட்டியது. வெக்ஸ்லிக்காரன் கண்டுபிடிக்கக் கூடாதென்று புதுத் தந்திரம் என்று நினைத்துக்கொண்டார்கள். “மேப்ரி மூளையைப் பாத்தியா!” என்றார் பண்டி. அது தந்திரம் இல்லை என்று மின்னாவுக்குத் தெரிந்தது. அடுப்படியில் உட்கார்ந்து அம்மா பன்களை எண்ணும்போது கூடவே எண்ணக் கற்ற குழந்தையின் குரல் அது. அவன் மைதானத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறான்.

அவள் மேப்ரியைப் பார்த்தாள். மேப்ரி பலகைகளுக்கு மேலே, நேராக, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மைதானத்தில் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது.

அவர் எழுந்தார். கம்பளி கீழே விழுந்தது. சுண்ணாம்புக் கோடு வரை வந்து, பூட்ஸின் முனை கோட்டைத் தொட நின்றார். எதிரே, பந்திலிருந்து எட்டித் தொடும் தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால், வெக்ஸ்லியின் எல்லைக் கோடு இருந்தது. ட்ரேவிக் பையன்கள் அதன் முன்னால் குனிந்து நின்றார்கள். மேப்ரி வாயைத் திறந்தார். நடுவர் திரும்பி அவரைப் பார்த்தார்.

குளிரில் அவர் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. சொல் வரவில்லை.

மின்னா காத்திருந்தாள். கூப்பிடுவார் என்று மறுபடியும் காத்திருந்தாள். மேப்ரி குனிந்து கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் முறை தள்ளியதில் எல்லைக்குப் போக முடியவில்லை. அடுத்த முறை மொத்த அணியும் ஒரே குவியலாக எல்லைக் கோட்டின் மேல் சரிந்தது. பந்து உள்ளே போனது. ஐந்துக்கு மூன்று, நேரமும் முடிந்தது. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. குவியலை ஒவ்வொருவராக எழுப்பினார்கள். எழாதவன் அடியில் இருந்தான்.

எல்லோருக்கும் முன்னால் அங்கே போனவர் மேப்ரிதான். உயராத கையோடு கோன்ராடைத் தூக்கிக்கொண்டு, ஊர் முழுக்க மணியடித்துக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலத்தில், பேக்கரி வரை நடந்தே வந்தார். வழியில் நின்றவர்கள் ஜெயித்த கேப்டனைத் தூக்கிவருகிறார்கள் என்று நினைத்து ஆரவாரம் செய்தார்கள்.

*

கோன்ராட் சாகவில்லை. சில நாட்கள் கழித்துக் கண் விழித்து, வாத்துக் கறி இருக்கிறதா என்று கேட்டான். அம்மா சந்தோஷத்தில் அழுதாள். வசந்தம் வரும்போதுதான் மற்றவை தெரிந்தன. எண்கள் அவனிடம் தங்கவில்லை. கணக்கு வாத்தியாராக வேண்டியவன் பன்களை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றும்போதே எண்ணிக்கையை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவான். வெயில் ஏறினால் தலையைப் பிடித்துக்கொண்டு மாவு மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொள்வான்.

மேப்ரிக்கு அறை கிடைத்தது. கதவில் பெயர் எழுதினார்கள். கரி வண்டியை விற்றார்.

அம்மா மேப்ரியை ஒரு நாளும் திட்டவில்லை. திட்டியதெல்லாம் கோன்ராடை. மாவு சிந்தினால், ரொட்டி வாங்க வந்தவளுக்கு மீதியைத் தவறாகக் கொடுத்தால், உடைந்துபோவாள். “அவர் கூப்பிட்டாரே! பேர் சொல்லிக் கூப்பிட்டாரே! ஏன்டா வரல?”

கோன்ராட் நெற்றியைத் தேய்ப்பான். “எனக்கு ஞாபகம் இல்லம்மா. கேக்கல போல. தப்புதான்.”

“தப்புதான்னு இப்ப சொல்லு.”

மின்னா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருப்பாள். அந்தப் பேச்சு நடக்கும்போது அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஒவ்வொரு நன்றித் திருநாளுக்கும் அம்மா ஒரு ஆப்பிள் கேக் செய்து, மேலே துணி மூடி, மின்னாவிடம் கொடுத்து மேப்ரியின் அறைக்கு அனுப்பினாள். வார்த்தை காப்பாற்றிய மனிதருக்கு மரியாதை. முதல் வருடம் மேப்ரி தட்டைப் பார்த்துவிட்டு எழுந்து ஜன்னலருகே போனார்.

“எனக்கு வேண்டாம், மிஸ் மின்னா. பசங்களுக்குக் கொடுத்துடறேன்.”

“நீங்க சாப்பிட்டு, காலித் தட்டைக் கொண்டு வரச் சொன்னாங்க.”

“நீங்களே கொட்டிட்டு, சாப்பிட்டார்னு சொல்லிடுங்களேன்.”

“நான் பார்க்காததை அவங்ககிட்ட சொல்ல முடியாது” என்றாள் மின்னா. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் சாப்பிட்டார். இடது கையால், ஒவ்வொரு துண்டாக, முழுவதையும். நடுநடுவே ஏதாவது பேசினால் தேவலை என்பது போலச் சுரங்கத்தைப் பற்றியும் பழைய கல்லூரிகளைப் பற்றியும் பேசினார். அவர் கதையின் பாதி மின்னாவுக்கு அப்படித்தான் தெரியவந்தது. அந்த வருடம் சட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்றும் சொன்னார். வெளியே போனவன் அடுத்த பகுதியில் திரும்ப உள்ளே வரலாமாம். “ஒரு வருஷம் முன்னாடி மாத்தியிருந்தா…” என்று ஆரம்பித்தார்.

“கோன்ராட் எப்படி வெளியே வந்திருப்பான்?” என்று கேட்டாள் மின்னா. “யார் கூப்பிட்டு?”

அவர் மீதித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

அறை அவரிடம் அதிக நாள் இருக்கவில்லை. தள்ளுவதையும் இழுப்பதையும் சட்டம் தடுத்துவிட்டது. பந்தைக் காற்றில் எறிந்து ஆடும் காலம் வந்தது. மேப்ரிக்கு எறியத் தெரியாது. தோளுக்கு மேல் கை போகாதவர் எதை எறிந்து காட்ட முடியும்? வெக்ஸ்லி திரும்பத் திரும்ப ஜெயித்தது. கல்லூரிக் குழு ஒரு பட்டதாரியைக் கொண்டுவந்தது. கதவில் இருந்த பெயரைச் சுரண்டி எடுத்தார்கள். மேப்ரி ஒரு கரி வண்டியை வாடகைக்கு எடுத்தார்.

ஊரில் யாரிடம் கரி மலிவாகக் கிடைத்தாலும் அம்மா மேப்ரியிடம்தான் வாங்கினாள். அவர் பின்வாசலுக்கு வந்தால் மற்ற வீடுகளைப் போல அங்கேயே நிறுத்த மாட்டாள். முன்வாசல் வழியாக வரச் சொல்லி, கரி படிந்த கையைக் குலுக்குவாள். “இவர் கையைப் பிடிச்சுக் குலுக்கறதுல எனக்கு வெட்கமே இல்லைன்னு சொல்லு” என்பாள். மின்னா சொல்வாள், கூட்டாமல் குறைக்காமல். மேப்ரி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கரித் தூசியில் அவர் முகம் எப்படி மாறியது என்று சொல்வது கடினம்.

அம்மா ஒரு மார்ச் மாதத்தில் நிமோனியாவில் இறந்தாள். கடைசிவரை மகன் பிடிவாதக்காரன் என்றும் கோச் நல்லவர் என்றும் நம்பியே போனாள். கல்லறையில் மேப்ரி எல்லோருக்கும் பின்னால், ஒரு மரத்தடியில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஜெபம் முடிந்ததும் கோன்ராட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனான். மின்னா பின்னாலேயே போனாள்.

“கோச்” என்றான் கோன்ராட். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மறக்காமல் வைத்திருந்தவன் போல வேகமாகப் பேசினான். “அன்னிக்கு நீங்க கூப்பிட்டப்ப நான் வந்திருக்கணும். அம்மா எப்பவும் சொல்லுவாங்க. நான் உங்ககிட்ட மன்னிப்பே கேக்கல.”

மேப்ரி மின்னாவைப் பார்த்தார். மைதானத்தில் பார்த்த அதே பார்வை. அவள் வாயைத் திறக்கவில்லை. இது ஆங்கிலத்தில் நடந்த பேச்சு. மொழிபெயர்க்க அவள் தேவைப்படவில்லை. அவர் சொல்ல வேண்டியதை அவரே சொல்லலாம்.

மேப்ரி ஈர மண்ணைப் பார்த்தார். பிறகு இடது கையை உயர்த்தி, கோன்ராடின் தோளில் வைத்தார்.

“பரவால்லடா, மகனே” என்றார். “விடு. பழைய கதை.”

கோன்ராடின் முகம் மலர்ந்தது. மன்னிப்புக் கிடைத்த மகிழ்ச்சியில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். அது கோணல் கை என்பது அவனுக்கு மறந்துவிட்டது. மேப்ரி வலியை வெளியே காட்டவில்லை. அந்த வித்தை அவருக்கு எப்போதும் தெரியும்.

அந்தக் கோடையில் அவர் ஊரை விட்டுப் போனார். சுரங்கத்து ஊருக்கே திரும்பிவிட்டார் என்றார் பண்டி. அடுத்த நன்றித் திருநாளுக்கு மின்னா கேக் செய்யவில்லை. கோன்ராட் காலையிலேயே கேட்டான், கோச்சுக்குத் தட்டு அனுப்பலையா என்று. அவர் இல்லை என்று சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். அவள் மாவு ஒட்டிய கைகளோடு அடுப்பங்கரையில் நின்றாள். அம்மாவும் அன்று அதே இடத்தில்தான் நின்றிருந்தாள்.

அன்று, வெக்ஸ்லியை ஜெயித்த சாயங்காலம், ஊர் மணிகள் இன்னும் நிற்கவில்லை. பக்கத்து அறையில் டாக்டர் கோன்ராடின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் வாத்து கருகும் வாசம். மேப்ரி சுவரோரம் நின்றார். அவருடைய சட்டையில் கோன்ராடின் ரத்தம் இருந்தது. அம்மா மாவுக் கைகளை ஏப்ரனில் துடைக்கக்கூட மறந்து, அவர் முன்னால் போய் நின்று, மின்னாவைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஜெர்மனில் கேட்டாள்.

“என்ன கேக்கறாங்க?” என்றார் மேப்ரி.

“நீங்க அவனைக் கூப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க.”

அவர் வாய் திறந்து மூடியது. அங்கே குளிர் இல்லை, ஆவிகூட வரவில்லை.

“கோடு வரைக்கும் போனேன்” என்றார் மெதுவாக. “நீங்க பாத்தீங்க இல்ல? கோடு வரைக்கும் போனேன்.”

அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

“கூப்பிட்டேன்னு சொல்லு, மின்னா” என்றார் மேப்ரி. “உங்க பாஷையில சொல்லு. கூப்பிட்டேன், அவன்தான் வரலைன்னு சொல்லு.”